ஒளிக்காரர்கள் சங்கம்

கேள்வி: மகள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். ‘ஆப்டிகா’ என்ற அமெரிக்கச் சங்கத்தில் சேரப் பணம் கேட்கிறாள். அவளுடைய சீனியர் அதையே ‘ஓ.எஸ்.ஏ.’ என்கிறாராம். இரண்டும் ஒன்றா? நிஜமான சங்கம்தானா, சர்டிபிகேட் விற்கிற கடையா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: இரண்டும் ஒன்றுதான் அம்மா. 1916-ல் ‘ஆப்டிகல் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா’ என்று தொடங்கினார்கள். 2021-ல் ‘ஆப்டிகா’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். என் வாயில் இன்னும் ஓ.எஸ்.ஏ.தான் வருகிறது, சென்னையை மெட்ராஸ் என்கிற வயசு எனக்கு.

இன்றைக்குத் தலைமையகம் வாஷிங்டனில் இருந்தாலும் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர். கோடாக்கின் ஃபிலிமும் கேமராவும் அந்த ஊர்ச் சரக்கு. மூக்குக்கண்ணாடியும் நுண்ணோக்கியும் செய்த பாஷ் அண்ட் லோம்ப் கம்பெனியும் அங்கேதான். லென்ஸ் தேய்க்கிறவரும் சமன்பாடு போடுகிறவரும் ஒரே தெருவில் நடமாடிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோடாக் ஆய்வுக்கூடத்தில் இருந்த பெர்லி நட்டிங் முன்கை எடுத்தார், முதல் தலைவரும் அவரே. மறு வருஷமே சங்கத்தின் ஆய்விதழ் வந்துவிட்டது.

கடையா என்று கேட்டீர்கள். பணம் கட்டினால் உறுப்பினர் ஆகலாம், அதில் பெருமை ஒன்றும் இல்லை. ‘ஃபெலோ’ என்பது வேறு. மற்றவர்கள் பரிந்துரைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் உண்டு. மகள் உறுப்பினர் அட்டையை ஃபிரேம் போட்டு மாட்டினால் மட்டும் கொஞ்சம் கண்டியுங்கள்.

இந்த மாதிரிச் சங்கங்களின் நிஜமான பலன் திட்டு வாங்குவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். கண்ணாடித் தகடு ஒன்றில் புதுவிதமான ஒளிப்பட்டைகள் கண்டதாக எனக்கு ஒரே பூரிப்பு. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: “தகட்டின் பின்பக்கத்தில் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டு மறுபடி பாருங்கள்.” தடவினேன். பட்டைகள் காணாமல் போயின. பின்பக்கம் பட்டுத் திரும்பிய ஒளியும் முன்பக்கத்து ஒளியும் கலந்ததைத்தான் கண்டுபிடிப்பு என்று எழுதியிருக்கிறேன்! கட்டுரையைச் சரிபார்த்து அப்படி எழுதிய மதிப்பீட்டாளர் யார் என்று இன்றுவரை தெரியாது. அப்படி ஒருவர் மகளுக்கும் வாய்க்கட்டும். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவுதான், கொடுங்கள்.

கேள்வி: 2018-ல் நோபல் வாங்கிய டோனா ஸ்டிரிக்லண்டுக்கும் இந்தச் சங்கத்துக்கும் தொடர்பு உண்டா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: உண்டு. நோபலுக்கு ஐந்து வருஷம் முன்பே, 2013-ல், அதன் தலைவராக இருந்தவர். பரிசு பெற்ற வேலையும் அதே ராச்செஸ்டரில், பல்கலைக்கழக லேசர் ஆய்வுக்கூடத்தில், ஜெரார் மூரூவிடம் மாணவியாக இருந்தபோது செய்ததுதான்.

கண் இமைப்பதற்குள் வந்து போகிற சிறு லேசர் ஒளித் துடிப்பை அப்படியே பெருக்கினால், பெருக்குகிற பொருளே பொசுங்கிவிடும். இவர்கள் துடிப்பை முதலில் இழுத்து நீட்டினார்கள். நீண்டதால் உச்சம் தணிந்தது. அந்த நிலையில் பெருக்கிவிட்டு, கடைசியில் மறுபடி சுருக்கினார்கள். நீட்டுவதற்கு ஒளியிழை வேண்டும். 2.5 கிலோமீட்டர் இழை கிடைத்தது. ஒரு முனையில் ஒளியை விட்டால் மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. நடுவில் எங்கோ உடைந்திருக்கிறது. ரொம்பப் பாடுபட்டு, கடைசியில் 1.4 கிலோமீட்டரோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. 1985-ல் வெளிவந்த முடிவு அந்த மிச்ச இழையில் கிடைத்ததுதான்.