எழுந்து நிற்கச் சொன்னேன், அவர் திரும்ப வரவேயில்லை

வணக்கம் மேடம்.

எங்கள் சபை எந்தப் பிரிவையும் சேராதது. கத்தோலிக்கர், லூத்தரன், பெந்தெகொஸ்தே என்று எங்கே வளர்ந்தவரும் ஞாயிறு ஆராதனைக்கு வரலாம், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வருவதுண்டு. நான் இரண்டு வருடமாக வரவேற்புக் குழுவில் இருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெண் தனியாக வந்து, வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அறிவிப்பு நேரத்தில் புதிதாக வந்தவர்கள் எழுந்து பெயர் சொல்வதும் நாங்கள் கை தட்டுவதும் எங்கள் வழக்கம். அவர் எழவில்லை. நான்தான் போய், "பரவாயில்லை சிஸ்டர், எல்லாரும் நம்ம குடும்பம்தான்" என்று கையைப் பிடித்து எழுப்பி மைக்கை நீட்டினேன். பெயரைச் சொல்லும்போதே குரல் நடுங்கியது. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து தொடங்குமுன் போய்விட்டார். அப்புறம் மூன்று முறை செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. எனக்கே புது ஆட்களிடம் பேசக் கூச்சம் மேடம், மனப்பாடமாக நாலு வரி வைத்துக்கொண்டுதான் வாசலில் நிற்கிறேன். இப்போது சனிக்கிழமை ராத்திரியே தூக்கம் போய்விடுகிறது. குழுவிலிருந்து விலகிவிடலாமா?

பெயர் வேண்டாம், ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

விலக வேண்டாம். கூச்சம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்தான் அந்த வாசலில் நிற்க வேண்டும்.

உளவியலில் 'ஸ்பாட்லைட் விளைவு' என்று ஒன்று உண்டு. 2000இல் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், சங்கடம் தரும் படம் போட்ட டீ-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று மாட்டியவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். புதிதாக ஒரு சபைக்குள் நுழைகிறவருக்கும் இப்படித்தான், எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். பாட்டுக்கு எப்போது எழுவது, கையை உயர்த்துவதா கட்டிக்கொள்வதா, திருவிருந்துக்குத் தானும் போகலாமா, எதுவும் தெரியாது. ஜெபம்கூட அப்படித்தான், கத்தோலிக்கராக "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று சொல்லி வளர்ந்தவர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று எல்லோரும் தொடங்கும்போதே தடுமாறுவார், அவர் முடித்த இடத்தில் நீங்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்வீர்கள். பாதி கற்பனையான அந்தப் பயத்தை உங்கள் மைக் நிஜமாக்கிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. அவர் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம், அது நம் இருவருக்கும் தெரியாது.

சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், அந்தக் கைதட்டல் வந்தவருக்காக நடப்பதல்ல, பழைய ஆட்களின் வசதிக்கானது. தட்டி முடித்ததும் வரவேற்றாயிற்று என்று ஆளாளுக்குத் தன் சிநேகிதர் பக்கம் திரும்பிவிடலாம், யாரும் போய்ப் பேச வேண்டியதில்லை. உங்களுக்கும் அது கூச்சத்தை மறைக்கும் திரையாக இருந்திருக்கிறது, இல்லையா?

போதகரிடம் பேசி இந்த வழக்கத்தை நிறுத்தப் பாருங்கள். அதற்குப் பதில், திருவிருந்துக்கு யார் வரலாம், வராதவர் இருக்கையிலேயே இருந்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள் என்று ஒவ்வொரு வாரமும் இரண்டு வரி சொல்லட்டும். இருக்கையை வந்தவரே தேர்ந்தெடுக்கட்டும், பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடியில் இடம் என்ற பாரபட்சத்தை பைபிளின் யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்திலேயே கண்டித்திருக்கிறது, ஆளை எங்கே உட்கார வைக்கிறோம் என்பது அன்றைக்கே பெரிய விஷயம். கடைசி வரிசையைத் தேடுகிறவரை முன்னால் இழுக்காதீர்கள்.

உங்கள் வேலை ஆராதனை முடிந்த பிறகுதான். ஒரே ஒருவரிடம் போய் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "எந்தச் சபையிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், சபை மாறி வருகிறவர்களில் சிலர் ஏதோ காயத்தோடு வருகிறார்கள். "இன்றைக்குப் பாட்டு உங்களுக்குப் பழக்கமானதா?" போதும். அடுத்த வாரம் வந்தால் பெயரை நினைவு வைத்துக் கூப்பிடுங்கள். தூக்கம் இந்த மாதத்துக்குள் சரியாகவில்லை என்றால் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பலாம்: "அன்று உங்களை எழுப்பி நிற்க வைத்தது என் தவறு, மன்னியுங்கள். பதில் எழுத வேண்டியதில்லை." கூடவே ஆராதனை நேரத்தையோ அழைப்பையோ சேர்க்காதீர்கள். அதன்பின் அவர் எண்ணை வரவேற்புக் குழுவின் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.