வாசகர் கேள்வி: இதயத் துடிப்பு தாறுமாறானால்…

கே: அப்பாவுக்கு வயது 74. பிபி, சுகர் உண்டு. ஈசிஜி எடுத்ததில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதினார்கள். படபடப்பே இல்லை. இப்போது ஈறில் ரத்தம் கசிகிறது. நிறுத்திவிட்டு ஆஸ்பிரின் கொடுக்கலாமா? ஆயுளுக்கு ஆபத்தா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயம் நின்றுவிடுமோ என்றுதான் வீட்டில் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது பக்கவாதத்துக்கு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால், இடது மேலறையின் ஓரத்துச் சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் வாதம். மற்றவர்களைவிட இந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. படபடப்பு இல்லாதவருக்கும் இதேதான்.

மருத்துவர்கள் இதற்குப் புள்ளி போடுவார்கள். வயது 65 தாண்டினால் 1, பிபிக்கு 1, சுகருக்கு 1. ஆணுக்கு 2 வந்தாலே மாத்திரை, அப்பாவுக்கு 3. வயது 75 ஆனதும் வயதுக்கு மட்டும் 2, மொத்தம் 4. ஆஸ்பிரினில் பலன் குறைவு, ரத்தக்கசிவோ குறைவில்லை.

ஈறுக்கு மென்மையான பிரஷ், பல் மருத்துவர். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குகிறாரா என்றும் விசாரியுங்கள். கசிவைக் கூட்டும் மாத்திரை அது. மலம் கருத்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனை.

சீட்டில் அசிட்ரோம், வார்ஃபரின் என்றிருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனை எண் பெரும்பாலும் 2 முதல் 3க்குள் நிற்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அடியோடு இல்லை என்று மாற்றாதீர்கள், ஐஎன்ஆர் ஏறி இறங்கும். அபிக்ஸபான் என்றால் ஐஎன்ஆர் வேண்டாம். ஆனால் தினமும் 2 வேளை. ஒரு வேளை விட்டாலும் காப்பு குறையும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். இதய ஸ்கேனான எக்கோவும் அவசியம்: மூட்டுக்காய்ச்சலால் வால்வு சுருங்கியிருந்தால் வார்ஃபரின் வகைதான் சரி.

துடிப்பும் பிபியும் கட்டுக்குள் இருந்து, மாத்திரையும் தவறாவிட்டால் பல ஆண்டுகள் நன்றாக வாழலாம். இதயம் வீங்கிப் பலவீனமானவர்களுக்குத்தான் கணக்கு மாறுகிறது.

வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 108. கண்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோவோடு மாட்டிக்கொள்ளாதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. மாத்திரை அட்டையை எடுத்துப்போய், கடைசியாக எப்போது விழுங்கினார் என்று சொல்லுங்கள். அந்த ஊசியைப் போடலாமா என்பது அதைப் பொறுத்தது.

கே: வீட்டு பிபி மெஷினில் ‘துடிப்பு ஒழுங்கில்லை’ குறி அடிக்கடி வருகிறது. வயது 68.
– வாசகர், காசிமேடு

ப: மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு தாண்டினால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் ஒரு ஈசிஜி போதும், சந்தேகம் தீரும். வரிசையே இல்லாமல் அடித்தால் நாள் கடத்தாமல் எடுங்கள். அப்படி அடிக்கும்போது மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிபி எண் காட்டும்; 3 முறை பார்த்துச் சராசரி எழுதுங்கள்.