சத்தியப்பிரமாணம் முடிந்ததும் நல்லூருக்குப் போகலாமா?

கனடாவின் ஸ்காபுரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "2017இல் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேரும் அகதிகளாக இங்கே வந்தோம். இப்போது குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது, சூமில் நடக்குமாம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 11. அம்மாவுக்கு 68. அவவுக்கு ஆங்கிலம் வராது, அதை நினைத்தே நித்திரையில்லாமல் இருக்கிறா. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு நிற்க வேண்டும் என்று, வைபவம் முடிந்து பன்னிரண்டாம் நாள் கொழும்புக்கு ரிக்கெற் போட்டுவிட்டோம். வந்ததிலிருந்து ஊரைக் காணவில்லை. என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? இலங்கைக் கடவுச்சீட்டுகளை என்ன செய்வது?"

வாழ்த்துகள், ஐந்து பேருக்கும். ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய ரிக்கெற் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இன்றே விமான நிறுவனத்தோடு கதையுங்கள்.

காரணம் இதுதான். சூம் வைபவத்தில், சத்தியப்பிரமாணத்துக்கு முன்பு, அதிகாரி ஒவ்வொரு குடும்பத்தையும் தனித் திரைக்கு அழைத்து அடையாள ஆவணங்களைப் பார்ப்பார். அது முடிந்ததும், "கத்தரிக்கோல் இருக்கிறதா?" என்று கேட்பார். பி.ஆர். அட்டையை, அதாவது நிரந்தர வதிவிட அட்டையை, கமராவுக்கு முன்னால் பிடித்து நீங்களே வெட்ட வேண்டும். அந்த அட்டை கட்டிப் பிளாஸ்ரிக். சின்னக் கத்தரிக்கோலுக்கு ஒரே வெட்டில் மடங்காது. இரண்டு மூன்று தரம் நெரித்துத்தான் துண்டாகும். இத்தனை வருடம் பேர்ஸில் பத்திரமாக வைத்திருந்ததை வெட்டும்போது பலருக்குக் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் கனடாவுக்குத் திரும்பி வருவதற்கான பயண ஆவணம் எதுவும் இல்லை. குடியுரிமைச் சான்றிதழ் நீங்கள் கனடியர் என்பதற்கு அத்தாட்சி மட்டுமே, அதைக் காட்டி விமானம் ஏற முடியாது. 2016 நவம்பரிலிருந்து, இரட்டைக் குடியுரிமை உள்ள கனடியர்கள்கூடக் கனடாவுக்கு விமானத்தில் வரக் கனடியக் கடவுச்சீட்டு வேண்டும் என்பது நடைமுறை. உங்களுடைய அகதிப் பயண ஆவணமும் இனி உதவாது. அது ஏற்கெனவே இலங்கைக்குச் செல்லுபடியாகாத ஒன்றுதானே.

சரி, கடவுச்சீட்டு எவ்வளவு நாளில் கிடைக்கும்? கடவுச்சீட்டு அலுவலகத்துக்கே நேரில் போய்க் கொடுத்தால் 10 வேலைநாட்கள், தபாலில் அனுப்பினால் 20 என்பது அரசு சொல்லும் கணக்கு. 10 வேலைநாட்கள் என்றால் முழுதாக இரண்டு கிழமை. அதற்கு முன்பு சான்றிதழ் கைக்கு வரவேண்டும், உங்கள் குடியுரிமைப் பதிவு கடவுச்சீட்டு அலுவலகத்தின் கணினியில் தெரியவும் சில வேலைநாட்கள் பிடிக்கும். ஆகப் பன்னிரண்டு நாள் போதாது. மேலதிகக் கட்டணம் கட்டி, பயண அத்தாட்சி காட்டி அவசரமாக எடுக்கும் வழி இருக்கிறது. ஆனால் ஐந்து பேரின் பயணத்தை அதில் கட்டித் தொங்கவிடாதீர்கள். ஒருவரின் படம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாலே குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். தேர் 24ஆம் நாள். பயணத்தை மூன்று கிழமை தள்ளினால் கொடியேற்றம் தவறும், தேருக்கும் தீர்த்தத்துக்கும் நிற்கலாம். இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு இது சின்ன இழப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தேரடியில் நிற்கும்போது திரும்பி வருவதற்கான கடவுச்சீட்டு கைப்பையில் இருக்க வேண்டும்.

சான்றிதழை மின்வடிவில் கேட்கலாம், தாளிலும் கேட்கலாம். உங்கள் நிலையில் மின்வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். தாள் சான்றிதழ் தபாலில் வர வாரக்கணக்காகலாம். நேரில் நடக்கும் வைபவத்துக்கு மாற்றித் தரச் சொல்லியும் கேட்க முடியும். சான்றிதழைக் கையிலேயே தருவார்கள், மண்டபத்தில் ஐம்பது நாட்டு மனிதர்களோடு எழுந்து நிற்பதும் மறக்க முடியாத அனுபவம். மற்றவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் மாற்றக் கேட்டால் திகதி பின்னுக்குப் போகலாம் என்பதால் நீங்கள் சூமையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மா. மொழித் தகுதியும் குடியுரிமைப் பரீட்சையும் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்குத்தான், ஆகவே அவவிடம் யாரும் கேள்வி கேட்டுப் புள்ளி போடப் போவதில்லை. ஆனால் சத்தியப்பிரமாணம் 14 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாருக்கும் கட்டாயம். அதன் பொருளையே விளங்க முடியாத அளவுக்கு மறதி நோய் போன்ற நிலை இருந்தால் மட்டும் விலக்குக் கேட்கலாம். உங்கள் அம்மாவுக்கு அது தேவைப்படாது. வைபவத்தை நடத்துபவர் சின்னச் சின்னத் துண்டாகச் சொல்ல, அதையே அம்மா திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் சொல்வார்கள். ஒன்றில் சொன்னால் போதும்.

நான் உதவிய ஒரு குடும்பத்தில் அம்மம்மா ஒருவர் முருகன் கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் 'ஐ அஃபேர்ம் தட் ஐ வில் பீ ஃபெய்த்ஃபுல்' என்று முழுவதையும் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி, மடிக்கணினித் திரைக்குக் கீழே ஒட்டியிருந்தார். பத்து நாளாகக் காலையில் விளக்கு வைத்ததும் ஒரு தரம், இரவு மருந்து போட்டதும் ஒரு தரம் வாசித்துப் பழகினாராம். 'அலீஜன்ஸ்' என்ற சொல்லில் அன்று தடக்கினார்தான். அதிகாரி பொறுத்து நின்றார், அம்மம்மா திரும்பச் சொன்னார். உங்கள் அம்மாவும் அப்படியே செய்யட்டும். ஆனால் வெறும் ஒலியாகப் பாடமாக்க விடாதீர்கள், பொருளையும் சொல்லிக் கொடுங்கள்: 'கனடாவின் மன்னர் மூன்றாம் சாள்ஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையும் விசுவாசமுமாக இருப்பேன், முதற்குடி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிப்படுத்தும் அரசியலமைப்பு உட்பட, கனடாவின் சட்டங்களை நேர்மையாகக் கடைப்பிடிப்பேன், கனடியக் குடிமகளாக என் கடமைகளைச் செய்வேன்.' முதற்குடி மக்களைப் பற்றிய வரி 2021 ஜூனில்தான் சேர்ந்தது. சொந்த மண்ணில் உரிமை பறிபோனவர்கள் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த வரியைச் சொல்லும்போது மனதோடு சொல்லுங்கள்.

மன்னருக்கு எதற்கு விசுவாசம் என்று உங்கள் மகன் கேட்கலாம், பதினைந்து வயதுப் பிள்ளைகள் கேட்பார்கள். இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் உண்டு. 2014இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், இது அரசர் என்ற தனிமனிதருக்குச் செய்யும் அடிமைச் சத்தியமல்ல, நாட்டின் ஆட்சிமுறைக்கு அடையாளமாக அவரை வைத்துச் சொல்வது என்று தீர்ப்புச் சொன்னது. 'சத்தியம் செய்கிறேன்' என்பதற்குப் பதில் 'உறுதி கூறுகிறேன்' என்றும் சொல்லலாம், சட்டத்தில் இரண்டும் சமம். அம்மாவுக்குத் தேவாரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல விருப்பமென்றால் தடையில்லை. மகனும் தானே சத்தியம் செய்து, தன் படிவத்தில் தானே கையெழுத்திட வேண்டும். மகள் 14க்குக் கீழே என்பதால் கட்டாயமில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் பக்கத்தில் இருத்துங்கள்.

மேசையில் என்ன இருக்க வேண்டும்? அழைப்புக் கடிதம், பி.ஆர். அட்டைகள், நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரம், படம் உள்ள அடையாள அட்டை, காலாவதியானவை உட்பட எல்லாக் கடவுச்சீட்டுகளும் பயண ஆவணங்களும், நல்ல கத்தரிக்கோல் ஒன்று. முகத்தில் வெளிச்சம் விழும்படி இருங்கள். அதிகாரி அனுமதிக்காமல் படமோ வீடியோவோ எடுக்க வேண்டாம். சத்தியப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போடாதீர்கள், சத்தியம் செய்த பிறகு அன்றைய திகதியிட்டுப் போட்டு அன்றே அனுப்புங்கள். அன்று ஐந்து பேரும் கனடா மண்ணில் இருக்க வேண்டும். கலந்துகொள்ள முடியாமல் போனால் காரணத்தை எழுத்தில் அறிவியுங்கள். பேசாமல் விட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

இலங்கைக் கடவுச்சீட்டு விஷயம் அகதியாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் பாரதூரமானது. 2012 டிசம்பரிலிருந்து உள்ள சட்டத்தின்படி, அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் சொந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்து அங்கே போய்வந்தால், 'அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடிவிட்டார்' என்று சொல்லி அகதி நிலையோடு நிரந்தர வதிவிடத்தையும் பறிக்கலாம். குடியுரிமை பெற்றவருக்கு இந்த நடவடிக்கை பொருந்தாது. ஆகவே வைபவம் பிந்தினாலும், ரிக்கெற் காசு போனாலும், சத்தியம் செய்யும் முன்பு ஊருக்குப் புறப்படவே வேண்டாம். அங்கே உங்கள் பேரில் பழைய வழக்கு எதுவும் இருக்கலாம் என்ற பயம் இருந்தால், போகும் முன்பு சட்டத்தரணி ஒருவரிடம் கதையுங்கள்.

கனடியக் குடியுரிமையை நீங்களாக விரும்பிப் பெறும்போது, இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி உங்கள் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகிறது. கையில் இருக்கும் கடவுச்சீட்டில் இன்னும் வருடங்கள் மிச்சமிருந்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு பிரிவு இருப்பதால் அம்மாவுக்கு வழி இலகு. ஊரில் புதிதாகக் காணி வாங்கும் எண்ணம் இருந்தால் இது முக்கியம், ஏனென்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது.

சான்றிதழ் வந்ததும் முதலில் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று படிவங்களில் இடம் மாறிப்போவது வழக்கம். பிழை இருந்தால் கடவுச்சீட்டுக்குப் போகும் முன்பே திருத்தக் கேளுங்கள்.

கடவுச்சீட்டுப் படிவத்துக்கு உத்தரவாதம் தருபவர், உங்களை இரண்டு வருடமாவது தெரிந்த, ஏற்கெனவே கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவராக இருக்க வேண்டும். நீங்களும் கணவரும் ஒரே நாளில் குடியுரிமை பெறுவதால் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட முடியாது. ஆளை இப்போதே கேட்டு வையுங்கள், படங்களையும் எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் படிவங்களில் பெற்றோர் இருவரும் கையெழுத்திடுங்கள். பிறப்புச் சான்றிதழ்களையும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் தேடி ஒரு கோப்பில் போடுங்கள். சமூகக் காப்புறுதி இலக்கப் பதிவை மாற்றுவதும் வாக்காளராகப் பதிவதும் ஊரால் வந்த பிறகு செய்யக் கூடியவை.

அப்புறம், இலங்கைக்கான விசா. நீங்கள் இப்போது வெளிநாட்டவராகப் போகிறீர்கள். ஐந்து பேருக்கும் அது வேண்டும். புதிய கடவுச்சீட்டு இலக்கங்கள் கையில் வந்த பிறகே அதற்கு விண்ணப்பியுங்கள்.