ஈரல் புற்றுநோய் ஒப்பரேஷனுக்குப் பிறகு எத்தனை வருஷம் இருப்பார் என்று இரத்தப் பரிசோதனையை வைத்துச் சொல்லலாமா?

கேட்டவரின் அம்மாவுக்கு ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறதாம். ஒப்பரேஷனுக்கு முன் 180 ஆக இருந்த ஏ.எஃப்.பி இப்போது 16. இதை வைத்து இன்னும் எத்தனை வருஷம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

16 நல்ல செய்தி. ஏ.எஃப்.பி என்பது பல ஈரல் கட்டிகள் இரத்தத்தில் விடும் ஒரு புரதம். கட்டி மிச்சமில்லாமல் போய்விட்டால் ஏறக்குறைய ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகும். அந்தக் கணக்குப்படி மூன்று வாரத்தில் 180 இங்கேதான் வந்து நிற்க வேண்டும். ஆனால் வருஷக் கணக்கு அந்த எண்ணுக்குள் இல்லை. ஏன் என்று என் மாமாவின் கிளினிக் கொப்பியை வைத்துச் சொல்கிறேன்.

நாங்கள் திருகோணமலை, உப்புவெளி. மாமா வாழ்நாளில் குடித்ததில்லை. இருபது வருஷச் சீனி வருத்தம், ஈரலில் கொழுப்பு படிந்து படிந்து இறுகி, அதில் கட்டி. இலங்கையில் இந்த நோய் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. ஒப்பரேஷன் கொழும்பில். இரவு ரயிலுக்குப் புறப்படும் முன், பின்னேரம், ரிப்போர்ட்டுகளைக் குசினி மேசையில் பரப்பி வைத்து நான் அல்பி கணக்குப் போட்டேன்.

அல்பி என்பது 2015இல் பிலிப் ஜோன்சன் குழு வெளியிட்ட புள்ளி முறை. அதற்கு அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), பிலிருபின் (ஈரல் வெளியேற்றும் மஞ்சள் கழிவு) என்று இரண்டு எண் போதும். ஈரலின் நிலையை ஏ, பி, சி என்று பிரிக்கும் பழைய சைல்ட்-பியூ முறையில் வயிற்றில் நீர் எவ்வளவு, புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதும் சேரும். அது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதில் நல்ல நிலையான ஏ பிரிவில்தான் இருப்பார்கள். அந்த ஒரே பிரிவுக்குள்ளேயே யாருடைய ஈரல் உண்மையில் திடமாக இருக்கிறது, யாருடையது தளர ஆரம்பித்துவிட்டது என்று அல்பி பிரித்துக் காட்டும்.

மாமாவின் அல்புமின் 3.8, பிலிருபின் 0.8. அப்படியே போட்டேன். மைனஸ் 0.39 வந்தது. அல்பியில் மூன்று தரம், மைனஸ் குறையக் குறைய ஈரல் மோசம். மைனஸ் 1.39ஐத் தாண்டிப் பூச்சியத்தின் பக்கம் வந்தாலே கடைசித் தரம். எதிரே இறால் உரித்துக்கொண்டிருந்த மாமி கையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு நாக்கு எழவில்லை. பிறகுதான் அலகு கண்ணில் பட்டது. ரிப்போர்ட் டெசிலீற்றர் கணக்கில் இருந்தது, சூத்திரம் கேட்பதோ லீற்றர் கணக்கு. அல்புமினைப் பத்தால் பெருக்கினால் 38. பிலிருபினை 17.1ஆல் பெருக்கினால் 13.7 மைக்ரோமோல். திரும்பப் போட்டபோது மைனஸ் 2.48, இரண்டாம் தரம். முதல் தரம் மைனஸ் 2.60இல் தொடங்குகிறது, அதற்குக் கிட்டத்தான் இருந்தார். தயவுசெய்து அலகைப் பார்க்காமல் யாரும் கணக்குப் போடாதீர்கள், வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள்.

அல்பி கட்டியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். மிச்சமாகும் ஈரல் ஆளைத் தாங்குமா என்பதைத்தான் சொல்கிறது. பிளேட்லெட்டும் அந்த வகை. எங்கள் ஊரில் பிளேட்லெட் என்றால் டெங்குதான் ஞாபகம் வரும், 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. இறுகிய ஈரல் உள்ளவருக்கு அது காய்ச்சல் இல்லாமலே ஒரு லட்சத்துக்குக் கீழே கிடந்தால், ஈரலுக்குப் போகும் நாளத்தில் அழுத்தம் கூடி மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். வெட்டும் முன் இருமுறை யோசிப்பார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாளை நாங்கள் பயந்து பயந்து எதிர்பார்த்தோம். அன்று பிலிருபின் 50 மைக்ரோமோலுக்கு மேலேயும், இரத்தம் உறையும் திறன் 50 வீதத்துக்குக் கீழேயும் சேர்ந்து போனால் பெரிய ஆபத்து என்று 2005இல் பிரான்சில் கண்டார்கள். உறையும் திறன் அந்த அளவுக்கு இறங்கினால், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் சுமார் 1.7ஐத் தாண்டும். மாமாவுக்குப் பிலிருபின் 31, ஐ.என்.ஆர் 1.4. மாமி அதைக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். ஆனால் இந்த அளவுகோல் அந்த வாரங்களைத் தாண்டுவாரா என்பதற்கு மட்டும். வருஷங்களுக்கு அல்ல.

வருஷங்களைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வெட்டி எடுத்த கட்டியின் பதோலொஜி ரிப்போர்ட்டில் இருக்கிறது: எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, நுண்ணிய இரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா. ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்பவும் வருகிற நோய் இது. மாமாவுக்கும் இரண்டாம் வருஷம் வந்தது. முதல் தடவை ஏ.எஃப்.பி 620. இந்தத் தடவை வெறும் 6. இரத்தம் முழுச் சுகம் என்று சொன்னது, ஸ்கேன்தான் ஒன்றே முக்கால் சென்ரிமீற்றரில் ஒரு புள்ளியைக் காட்டியது. சின்னதாக இருந்தபடியால் ஊசி வழியாகச் சுட்டு அழித்தார்கள். அது முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. அன்று குசினி மேசையில் வந்த மைனஸ் 2.48 இதில் ஒன்றையும் எனக்குச் சொல்லவில்லை. அது அவரைப் போன்ற ஒரு கூட்டத்தின் சராசரி, அந்தக் கூட்டத்துக்குள் மாமா எங்கே நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். அடுத்த கிளினிக்கில் பதோலொஜி ரிப்போர்ட்டின் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். இரத்தக் குழாய் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டொக்டரிடமே கேளுங்கள், கேட்டால் சொல்வார்கள். ஹெப்படைட்டிஸ் பி பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இருந்தால் அதற்கு மருந்து உண்டு, அது திரும்ப வருவதையும் குறைக்கிறது. முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பியும் ஸ்கேனும் இரண்டும் செய்யச் சொல்வார்கள். ஏ.எஃப்.பி நல்லாக இருக்கிறது, ஸ்கேன் எதற்கு, கொழும்புக்கு அலைச்சல் என்று அம்மா சொன்னால் மாமாவின் அந்த 6ஐப் பற்றிச் சொல்லுங்கள்.