வாசகர் கேள்வி – பதில்: குளிர்ப்பெட்டியில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: முகாமைத்துவ டிப்ளோமா பயில்கிறேன். மென்பானக் கம்பனி ஒன்றின் வணிகச் சூழலையும் அதன் போட்டிச் சந்தைப்படுத்தல் உபாயத்தையும் ஆராய்ந்து ஒப்படை எழுதும்படி கேட்டிருந்தார்கள். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம் என்று நான்கு தலைப்புகளில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். "இது எந்தக் கம்பனிக்கும் பொருந்தும்" என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழை விட்டேன்? (மாணவி, வெள்ளவத்தை)

பதில்: விரிவுரையாளர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. "பணவீக்கம் உயர்ந்தது, ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது" என்று எழுதினால் அது நாட்டைப் பற்றிய செய்தி. அந்த வீழ்ச்சி இந்தக் கம்பனியின் எந்தச் செலவைத் தொட்டது, எந்த விலையை மாற்ற வைத்தது என்று காட்டும்போதுதான் அது ஆய்வாகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு கம்பனிக்காக நாற்பது காரணிகளை அழகாக அட்டவணை போட்டுக் கொடுத்தேன். பணிப்பாளர் முழுவதையும் பொறுமையாக வாசித்துவிட்டு, "சரி, திங்கட்கிழமை விலையைக் கூட்டுவதா வேண்டாமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. நமக்கு வேண்டிய சீனியின் பெரும்பகுதியும் பிளாஸ்டிக் போத்தலுக்கான மூலப்பொருளும் கப்பலில் வருபவை என்பதால், மென்பானக் கம்பனிக்கு ரூபாவின் அந்த வீழ்ச்சி ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் போத்தலிலும் சேர்ந்தே விழுந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, வங்கி மேலதிகப் பற்றில் சரக்கெடுத்துக் கடைகளுக்குக் கடன் கொடுத்துவந்த விநியோகஸ்தரின் கை கட்டப்பட்டது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்சாரமில்லாத கடையில் யார் சோடா வாங்குவார்? பிஸ்கட் கம்பனிக்கு அதே மின்வெட்டு தொழிற்சாலையில்தான் அதிகம் வலித்திருக்கும். மென்பானத்துக்கோ விற்பனை நடக்கும் இடத்திலேயே அடி விழுந்தது. ஒரே சம்பவம் இரண்டு கம்பனிகளை இரண்டு இடத்தில் தொடுகிறது என்ற இந்த வேறுபாட்டைத்தான் உங்கள் ஒப்படையில் தேடியிருப்பார்கள்.

சட்டச் சூழலிலும் இப்படித்தான். 2016 ஓகஸ்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்பது அன்றைய விதி. அடுத்த ஆண்டு சீனியின் அளவைக் கொண்டு வரியும் வந்தது. "அரசாங்கம் புதிய வரி விதித்தது" என்று நிறுத்திவிடாதீர்கள். சீனியைக் குறைத்தால் வரி குறையும், ஆனால் பழகிய நாக்கு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும். குறைக்காவிட்டால் சுவை மாறாமல் இருக்கும், ஆனால் விலையும் சிவப்பு வட்டமும் தாயின் கையைத் தடுக்கும். நீங்கள் தெரிவுசெய்த கம்பனி இந்த இரண்டில் எதைத் தேர்ந்தது, எந்தப் பானத்தில் தேர்ந்தது என்று பாருங்கள்.

போட்டியை ஆராய, ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் மைக்கேல் போர்ட்டர் 1979 இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த ஐந்து விசைகள் இன்றும் உதவும்: இருக்கும் போட்டியாளர், புதிதாக வருவோர், பிரதியீட்டுப் பொருட்கள் (அதே தேவையை வேறு வகையில் தீர்ப்பவை), வாங்குவோரின் பலம், வழங்குவோரின் பலம். ஆனால் ஐந்துக்கும் ஒரே அளவில் பக்கம் ஒதுக்க வேண்டியதில்லை. மென்பானத்தில் வழங்குவோர் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சீனியில் சொல்லிவிட்டோம். புதிதாக வருவோரைத் தடுப்பது எது என்பதுதான் சுவையான பகுதி. வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சில்லறைக் கடைக்குப் போய், வாசலில் நிற்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்ப்பெட்டியைப் பாருங்கள். பெட்டியின் நெற்றியில் யாருடைய பெயர் இருக்கிறது? பெட்டியைக் கம்பனியே கொடுத்திருந்தால், அதற்குள் போட்டியாளரின் போத்தலை வைக்கக் கடைக்காரருக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். கண் மட்டத்தில் இருக்கும் தட்டில் என்ன அடுக்கப்பட்டிருக்கிறது, கீழ்த்தட்டில் என்ன தள்ளப்பட்டிருக்கிறது, மீள்நிரப்ப லொறி வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்றெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கம்பனி நல்ல சோடா செய்துவிடலாம்; ஆயிரக்கணக்கான கடைகளில் பெட்டி வைக்கவும் லொறி ஓட்டவும் அதனிடம் பணம் இருக்க வேண்டும். உண்மையான தடை சுவையில் இல்லை, அந்தப் பெட்டியில் இருக்கிறது.

பிரதியீட்டில் மற்றச் சோடாக்களை எழுதினால் புள்ளி போகும், அவை போட்டியாளர். காலிமுகத்திடலில் தாகத்தோடு நிற்பவருக்குச் செவ்விளநீரும் பலூடாவும் ஒரு போத்தல் தண்ணீரும் பிரதியீடு. விலையேற்ற காலத்தில் கடையில் குடிக்கும் பிளேன்ரீயும் அதில் சேரும்.

உபாயத்துக்கு வரும்போது, குறைந்த செலவு, தனித்தன்மை, குறித்த ஒரு பிரிவில் கவனம் என்ற மூன்றில் கம்பனி எதில் நிற்கிறது என்று ஒரு நிலைப்பாடு எடுத்து எழுதுங்கள். உலகளாவிய கோலாக்களோடு மோதும் உள்ளூர் கம்பனிக்கு இஞ்சி கலந்த ஒரு பானம் தனித்தன்மை தரும். கொத்து ரொட்டியோடு அதைத் தேடும் நாக்கு இங்கேதான் இருக்கிறது. அதே கம்பனி கோலாவிலும் விலைச் சண்டை போட்டால், அது பலமா சிதறலா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: வீட்டில் மிளகாய்த்தூளும் வறுத்த கறித்தூளும் அரைத்து அயல்கடைகளுக்குக் கொடுக்கிறேன். பெரிய கம்பனியொன்று விலைக்கழிவோடு வந்திருக்கிறது. நானும் விலையைக் குறைக்கவா? (குடும்பத் தலைவி, கொட்டாஞ்சேனை)

பதில்: குறைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கடைக்காரரின் பங்கு போக ஒரு பைக்கற்றுக்கு உங்கள் கைக்கு 250 ரூபா வருகிறது, அதைச் செய்ய 200 ரூபா செலவாகிறது என்று வைப்போம். இலாபம் 50 ரூபா. விலையை 10 சதவீதம் குறைத்தால் 225 ரூபா. இலாபம் 25 ரூபா. பழைய இலாபத்தை எடுக்க இரண்டு மடங்கு பைக்கற் விற்க வேண்டும், இரண்டு மடங்கு அரைக்கவும் வேண்டும். பெரிய கம்பனி விலைக்கழிவை நிறுத்தும் நாளில் நீங்கள் களைத்திருப்பீர்கள்.

1985 இல் மெரில் ஜே. பெர்னாண்டோ தன் டில்மா தேயிலையை அவுஸ்திரேலியாவில் அறிமுகப்படுத்தியபோது, தேயிலை விளையும் நாட்டிலேயே பொதி செய்து அனுப்புவதை முன்னிறுத்தினார்; மொத்தத் தேயிலை வாங்கி வேறிடத்தில் கலக்கும் பெரிய கம்பனிகளுக்கு அது எளிதில் வராத காரியம். உங்களிடமும் அப்படியொன்று இருக்கிறது: போன கிழமை வறுத்தது என்று சொல்ல அவர்களால் முடியாது. அரைத்த திகதியைப் பெரிதாக அச்சடியுங்கள், சிறிய பைக்கற்றும் போடுங்கள், விற்காததை நீங்களே திருப்பி எடுங்கள். கடைகளுக்குக் கொடுக்கும் கடனை மட்டும் நீட்டாதீர்கள்.

கேள்வி: இத்தகைய ஆய்வுக்குத் தரவுகளை எங்கே பெறுவது? (வாசகர், தெமட்டகொடை)

பதில்: கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை அதன் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். குடும்பங்கள் உணவுக்கு என்ன செலவிடுகின்றன என்பதைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடும்ப வருமான, செலவின ஆய்வு சொல்லும். பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. ஆகவே 2021/22, 2022/23 அறிக்கைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். தலைவரின் செய்தியை விட்டுவிட்டு, கையிருப்பையும் கடைகளிடமிருந்து வரவேண்டிய பணத்தையும் முதலில் ஒப்பிடுங்கள்.