பாரம் ஏற்றினால் கம்பி நீள்கிறது. இன்னும் வலுவான எஃகுக்கு மாற்றினால் நீட்சி குறையுமா?

குறையாது. அதே தடிமன், அதே நீளம் என்றால் இம்மியும் குறையாது. 'ஹை டென்சைல் (அதிக வலுவுள்ள எஃகு) போடுங்கள், சரியாகிவிடும்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலை, பெயர் வேண்டாம். நான் அங்கே ஒப்பந்தத்தில் ஃபிட்டர். 8 டன் சரக்கு கொள்ளும் ஹாப்பர், அதாவது கீழே வாய் உள்ள சரக்குத் தொட்டி, நான்கு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா எஃகு) கம்பிகளில் தொங்கும். ஒவ்வொன்றும் 16 மி.மீ. தடிமன், 4 மீட்டர் நீளம். காலியாக இருக்கும்போது ஹாப்பர் வாய்க்கும் கீழே சுழலும் தட்டுக்கும் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி. சரக்கு நிரம்பினால் கரகரவென்று உரசும்.

ஃபோர்மேனிடம் கணக்கைக் காட்டினேன். கம்பிக்கு 2 டன், அதாவது சுமார் 19,600 நியூட்டன். குறுக்குவெட்டுப் பரப்பு 201 சதுர மி.மீ. வகுத்தால் தகைவு, அதாவது பரப்பின் ஒவ்வொரு அலகும் தாங்கும் விசை, சதுர மி.மீ.க்கு 98 நியூட்டன் வருகிறது. சாதா எம்.எஸ். 250 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும், ஆகவே வலுவில் குறை இல்லை. நீளாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதைச் சொல்லும் எண்தான் யங் குணகம், எஃகுக்கு 2 லட்சம். இந்த 98-ஐ அதனால் வகுத்து 4,000 மி.மீ.யால் பெருக்கினால் நீட்சி, கிட்டத்தட்ட 2 மி.மீ. அந்த 2 லட்சம் எம்.எஸ்.ஸுக்கும் ஹை டென்சைலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது தாங்கும் அளவு மட்டும்.

"தம்பி, நீ ஸ்பானரைப் பிடி" என்றார்.

இரண்டு மாதம் காத்திருந்து புது ஹை டென்சைல் கம்பி வந்தது, அதே 16 மி.மீ. மாட்டி, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை நானே வைத்தேன். சரக்கு இறங்க இறங்க முள் நகர்ந்து 2-க்குப் பக்கத்தில் நின்றது. காலி செய்ததும் மறுபடி பூஜ்யம். மேலே உத்தரம் வளைந்திருக்கும் என்று சிலர் எழுதுவீர்கள். அங்கேயும் கேஜ் வைத்தோம், 0.2 மி.மீ.கூட இல்லை. கடைசியில் 25 மி.மீ. எம்.எஸ். கம்பி போட்டார்கள். பரப்பு 491, நீட்சி 0.8. உரசல் நின்றது. அதைச் சொன்னவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் தகைவு, திரிபு என்று படித்துவிட்டு பாலிடெக்னிக் போனால் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்றார்கள். தகைவுதான் ஸ்ட்ரெஸ், திரிபுதான் ஸ்ட்ரெயின் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. தமிழ் வழியில் வந்த பையன்கள் எத்தனை பேர் அந்த ஒரு காரணத்தால் அரியர் வைத்தார்கள் தெரியுமா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். தடிமனைக் கூட்டுங்கள், முடிந்தால் நீளத்தைக் குறையுங்கள். லேசாக இருக்கிறதே என்று அலுமினியம் பக்கம் போகாதீர்கள், அதன் குணகம் 70,000 தான், ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும். நீங்களும் கடலோரம் என்றால் மரை வெட்டிய இடத்தை வருடா வருடம் சுரண்டிப் பாருங்கள். பரப்பு குறைவாக இருப்பது அங்கேதான், உப்புக்காற்று அதையும் தின்னும்.