மடியில் என்ன கனம்?

கேள்வி: மகனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. விசா இன்டர்வியூவுக்கு முன் இன்ஸ்டாகிராமை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கச் சொல்கிறார்களாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?
– ஒரு தகப்பனார், செம்பூர், மும்பை

பதில்: எது கனம் என்று நிறுத்துப் பார்க்கப்போவது நீங்களும் இல்லை, உங்கள் மகனும் இல்லையே சார்!

கணக்குகளின் பெயரைக் கேட்பது புதிதல்ல. ஐந்து வருடத்தில் பயன்படுத்திய எல்லாவற்றையும் எழுதச் சொல்லி 2019 முதலே விசா படிவத்தில் இடம் இருக்கிறது. பூட்டைத் திறந்து வை என்று மாணவர்களிடம் சொன்னது 2025 ஜூனில். உள்ளே வருகிறவரை விசாரிக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் தேடுவது, அமெரிக்க அரசு மீதும் பண்பாட்டின் மீதும் 'பகைமை' தெரிகிறதா என்பதை. நள்ளிரவில் சிரித்துவிட்டுப் பகிர்ந்த மீம் பகைமையா, இல்லையா? அது அந்த அதிகாரியின் அன்றைய கணிப்பு.

மும்பைக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 நவம்பர். சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி நகரமே கடையடைத்தது. அதைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதினார் விராருக்கு அப்பால் பால்கரில் ஓர் இளம்பெண். அவருடைய தோழி செய்தது ஒரு லைக். இருவரையும் போலீஸ் பிடித்தது. அந்தத் தோழியின் மடியில் என்ன கனம் இருந்தது, சொல்லுங்கள்? கைதுக்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவே செல்லாது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

அங்கே கோர்ட் இருந்தது. விசா கவுன்டரில் 'இல்லை' என்றால் அப்பீல் கிடையாது. திரும்பப் பணம் கட்டி, திரும்ப வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. கணக்கைத் திறந்தால் தூதரகம் மட்டுமா பார்க்கும்? ஊர் பேர் தெரியாதவனும் பார்ப்பான். கீழே கமென்ட் போட்ட அத்தை மகள் எந்த விசாவும் கேட்கவில்லை. அவள் எழுதியதும் சேர்ந்தே சந்திக்கு வருகிறது. (உங்கள் ஃபேஸ்புக்கை ஒரு வாரம் திறந்து வையுங்களேன், தேர்தல் சமயத்துப் பதிவுகளோடு.)

போகத்தான் வேண்டும் என்றால் திறக்கத்தான் வேண்டும். அவனைக் கடிந்துகொள்வதை விட்டு, பள்ளி நாளில் தொடங்கி மறந்துபோன கணக்கு ஏதும் அந்த ஐந்து வருடத்துக்குள் வருகிறதா என்று கூட உட்கார்ந்து தேடுங்கள். படிவத்தில் தெரிந்தே மறைத்தால் பின்னால் வரும் விசாக்களுக்கும் அது வினையாக வரும்.